மூளையில் கட்டி, ஆனால் கேன்சர் இல்லை: ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து என்ன செய்வது

அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று இடது கை தானாக உதற ஆரம்பித்தது. தட்டு கவிழ்ந்து மீனெல்லாம் தரையில் கொட்டியது. இரண்டு நிமிடம்கூட இருக்காது, உதறல் நின்றுவிட்டது. "கை மரத்துப்போச்சு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா கொட்டிய நெத்திலியைப் பொறுக்கப் போனார். மூன்று நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், வலது பக்க மண்டையோட்டுக்கு அடியில் 3.4 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. பெயர் மெனிஞ்சியோமா.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் தங்கள் வீட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இப்ப என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டார்கள். நான் மருத்துவர் இல்லை, ரிப்போர்ட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாதியை நாங்கள் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

முதல் இரவு

டாக்டர் 'பினைன்', அதாவது கேன்சர் இல்லாத கட்டி என்று சொன்னால், முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது உங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதைத்தான். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் மிக மெதுவாக வளர்பவை. ஸ்கேனில் இன்றைக்குத் தெரிந்ததால் இன்றைக்குத்தான் முளைத்தது போல நமக்குத் தோன்றும். உண்மையில் அது பல வருடமாக அங்கே இருந்திருக்கும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் எந்த அறிகுறியும் இல்லாத 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 2007ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் தலையில் மெனிஞ்சியோமா இருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலை வெட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

நம் சினிமாவில் மூளையில் கட்டி என்று வந்துவிட்டால் கடைசி ரீலில் சாவுதான். அதைப் பார்த்தே வளர்ந்ததால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை கால் ஓடுவதில்லை. அன்று ராத்திரி கூகுளில் தேடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மறுநாள் காலையில் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, மாத்திரை, அறிகுறி, டாக்டர் சொன்னது எல்லாம் இனி அந்த ஒரே நோட்டில்தான்.

நேரம் இல்லாத நிலைமைகளும் உண்டு. வாந்தியோடு சேர்ந்த கடுமையான தலைவலி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், பார்வை சட்டென மங்குவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது, ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் நிற்காத வலிப்பு, அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தடுத்து வரும் வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது

பினைன் என்றால் உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவாத கட்டி. அதற்காகத் தொந்தரவே தராது என்று அர்த்தம் இல்லை. மண்டையோடு மூடிய சொம்பு மாதிரி. உள்ளே புதிதாக ஒன்று வளர்ந்தால், ஏற்கெனவே இருப்பதுதான் நெருங்கி இடம் விட வேண்டும். அதனால் அளவைவிட இடம் முக்கியம். மேல்பரப்பில் இருக்கும் மூன்று சென்டிமீட்டர் கட்டியைவிட, கண் நரம்பை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் கட்டி அதிகம் பாடுபடுத்தலாம்.

அடிக்கடி கேள்விப்படும் வகைகள் மூன்று. மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து வருவது மெனிஞ்சியோமா. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. மூக்குக்கு நேர் பின்னே, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வருவது பிட்யூட்டரி அடினோமா. இதில் ஹார்மோன் குழப்பம், மாதவிலக்கு நிற்பது, பக்கவாட்டில் பார்வை குறைவது என்று வரும். இதிலேயே புரோலாக்டினோமா என்ற வகை பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். கத்தியே வேண்டாம். இது தெரியாமல் ஆபரேஷனை நினைத்துப் பயந்துகொண்டிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, காது நரம்பில் வரும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா. ஒரு காது மட்டும் மந்தமாவது, அந்தக் காதில் இரைச்சல், தள்ளாட்டம்.

ரிப்போர்ட்டில் வரும் சொற்களில் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். 'எக்ஸ்ட்ரா ஆக்ஸியல்' என்றால் மூளைத் திசுவுக்குள் இல்லாமல் அதற்கு வெளியே இருக்கிறது என்று பொருள். 'ட்யூரல் டெயில்' என்பது கட்டி ஒட்டியிருக்கும் உறை வால் போல நீண்டு தெரிவது. மெனிஞ்சியோமாவில் அடிக்கடி காணப்படும். 'எடிமா' என்றால் கட்டியைச் சுற்றிய வீக்கம். 'மாஸ் எஃபெக்ட்', 'மிட்லைன் ஷிஃப்ட்' என்று இருந்தால் கட்டி பக்கத்தில் இருப்பதை அழுத்துகிறது, மூளையின் நடுக்கோடு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு சொல்லும் இருந்தால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

"எந்த ஸ்டேஜ்?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். இதற்கு ஸ்டேஜ் கிடையாது, கிரேடுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மூளைக் கட்டிகளுக்கு 1 முதல் 4 வரை கிரேடு உண்டு. மெனிஞ்சியோமாக்களில் நூற்றுக்கு எண்பது போல கிரேடு 1தான். ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொல்வது அனுபவத்தில் சொல்லும் கணிப்பு. கட்டியை எடுத்துச் சோதித்த பிறகுதான் கிரேடு உறுதியாகும்.

நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்

இதைத்தான் நாங்கள் மிகவும் தப்பாகச் செய்தோம். அப்பா, அண்ணன், நான், சித்தி நால்வரும் சேர்ந்து, அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று முடிவெடுத்தோம். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்தோம். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அம்மா அடுப்படிக்குப் போனால் ஒருத்தர் பின்னாலேயே போவோம். கேட்காமலே ஹார்லிக்ஸ் வந்தது. ஒருநாள் சாயங்காலம் அம்மா வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். "ஏன்டி, என் தலையில என்னதான் இருக்கு? ஒரு வாரமா யாரும் என் மூஞ்சியப் பாக்கல, தலையவே பாக்குறீங்க."

சொன்னேன். அழுதார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் ஆறு மாதமாகத் தலை வலிக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு தடவை கேஸ் அடுப்பை அணைக்க மறந்தேன் என்று வரிசையாகச் சொன்னார். டாக்டருக்கு மிகவும் தேவைப்பட்ட தகவல் அதுதான். நாங்கள் மறைத்தது போலவே அவரும் மறைத்திருக்கிறார்.

அதனால் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. "தலையில ஒரு கட்டி இருக்கு, கேன்சர் மாதிரி தெரியலன்னு டாக்டர் சொல்றாரு, அடுத்த வாரம் பெரிய டாக்டரப் பாக்கப் போறோம்." இவ்வளவு போதும். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள், கேட்கும்போது சொல்லுங்கள். உடம்பு அவர்களுடையது, ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர்கள்தான்.

சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வீட்டில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சித்தி. அத்தனை போனையும் அவரே எடுத்தார். அம்மா நாளுக்கு இருபது தடவை அதே கதையைச் சொல்வதிலிருந்து தப்பித்தார்.

எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது

பார்க்க வேண்டியவர் நியூரோசர்ஜன். கட்டி பிட்யூட்டரியில் என்றால் ஹார்மோன் டாக்டரும் கண் டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும். கடலூர்க்காரர்கள் பெரும்பாலும் கோரிமேட்டு ஜிப்மருக்குத்தான் போகிறோம். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். காலைப் பதிவுக்கு முதல் பஸ்களில் ஒன்றைப் பிடிப்பது நல்லது. நரம்பியல் அறுவைப் பிரிவு எந்தக் கிழமைகளில் பார்க்கிறது என்று முன்னதாகக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உள்ளூர் டாக்டரின் பரிந்துரைக் கடிதம், ஆதார், பழைய சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். ஸ்கேன் ஃபிலிமை மடிக்காதீர்கள். சி.டி.யைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். டாக்டருக்கு ரிப்போர்ட்டைவிடப் படம்தான் முக்கியம்.

இன்னொரு டாக்டரிடமும் காட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் காட்டலாம், முதல் டாக்டரிடம் சொல்லிவிட்டே காட்டலாம். நேரம் இருக்கிறது என்று சொன்னது இதற்குத்தான். நாட்டிலேயே முதல் நியூரோசர்ஜரி துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். அடுத்த வருடம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். எழுபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில் நடக்கும் வைத்தியம் இது. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நான் மொத ஆளு இல்ல" என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

பண விஷயத்தில் முதல் கேள்வி, உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பது. தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பாகூர்ப் பக்கமோ புதுச்சேரியோ உங்கள் கார்டு என்றால் ஆயுஷ்மான் பாரத் வழி. ஆபரேஷன் நடக்கப்போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். அட்மிஷன் ஆன பிறகு கார்டுக்கு அலைவது பெரிய கொடுமை.

டாக்டர் அறைக்குள்

உள்ளே போனதும் மறந்துவிடும். நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். நாங்கள் கேட்டவை இவை:

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது?
இப்போது எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?
ஆபரேஷன் செய்தால் முழுதும் எடுக்க முடியுமா, கொஞ்சம் விட வேண்டி வருமா?
பேச்சு, பார்வை, கை கால் எதற்கு ஆபத்து இருக்கிறது?
இந்த மாதிரி ஆபரேஷன் இங்கே அடிக்கடி நடக்கிறதா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில கட்டிகளுக்கு அதன் பதில் "ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்பதாக இருக்கும். சிறியது, அறிகுறி இல்லை, வயது அதிகம் என்றால் ஸ்கேனில் கவனித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வைத்தியம்தான். சில மாதங்களில் ஒரு ஸ்கேன், மாறாமல் இருந்தால் அப்புறம் வருடத்துக்கு ஒன்று. "கட்டிய உள்ள வச்சிக்கிட்டு எப்படிம்மா தூங்குறது" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். கஷ்டம்தான். அவருக்கு உதவியது, தன் கட்டியின் அளவைத் தானே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டது. எண்ணைக் கண்ணால் பார்த்ததும் பயம் ஓர் அளவுக்குள் வந்துவிட்டது என்றார்.

காமா நைஃப் என்று கேள்விப்பட்டால் கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். கதிர்களைக் குவித்துச் செலுத்தும் முறை அது. சிறிய கட்டிக்கும், ஆபரேஷனில் விட்டுவைத்த மிச்சத்துக்கும் பயன்படும். கட்டி மறைந்துவிடாது, வளராமல் நிறுத்துவதுதான் நோக்கம்.

பெண்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பத் தடைக்குப் போடும் அந்தரா ஊசியில் உள்ள ஹார்மோனை நீண்டகாலம் போட்டவர்களுக்கு மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய்ப்பு அப்போதும் சிறியதுதான், பதற வேண்டாம். ஆனால் ஊசியோ ஹார்மோன் மாத்திரையோ எடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில்

கட்டியைத் தெளிவாகப் பார்க்க மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முன் கிட்னிக்கான இரத்தப் பரிசோதனை கேட்கலாம். பேஸ்மேக்கரோ உடம்புக்குள் வேறு உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நகை எதுவும் கூடாது. முதல் தடவை வாசலில் வைத்து "தாலியக் கழட்டிடுங்கம்மா" என்றபோது அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்க் கடை கடையாகத் தேடி மஞ்சள் கயிறு வாங்கி வந்து அவரே கட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் அம்மா சங்கிலியைக் கழற்றினார். மெட்டி முப்பது வருடமாகக் கழற்றாதது. சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகித் திருகி எடுத்ததில் விரல் சிவந்துவிட்டது. இதையெல்லாம் முந்தின நாள் ராத்திரி வீட்டிலேயே செய்துகொண்டு போங்கள். உள்ளே அரை மணி முதல் முக்கால் மணி நேரம், தலைமாட்டில் கதவை இடிப்பது போல சத்தம். காதுக்குப் பஞ்சு தருவார்கள். ஆளைக் கூப்பிடக் கையில் ஒரு ரப்பர் பல்பு கொடுப்பார்கள், பயமாக இருந்தால் அழுத்தலாம் என்று முன்னதாகச் சொல்லி அனுப்புங்கள்.

மாத்திரையும் வலிப்பும்

வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். தலைவலி இரண்டு மூன்று நாளில் நன்றாகக் குறையும். கூடவே பசி எடுக்கும், தூக்கம் கெடும், சுகர் ஏறும். சுகர் உள்ளவர்கள் வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. நன்றாக ஆகிவிட்டதே என்று திடீரென நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். அதில் லெவெட்டிராசெட்டாம் என்ற மாத்திரை சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். அப்பாவிடம் குரல் உயர்த்தியே பழக்கமில்லாத அம்மா தோசை தீய்ந்ததற்குக் கரண்டியை வீசி எறிந்தார். குணம் மாறிவிட்டது என்று நாங்கள் பயந்தோம். டாக்டரிடம் சொன்னதும் அளவை மாற்றிக் கொடுத்தார், சரியானது. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக் கொத்தைத் திணிக்காதீர்கள். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, தானாகவேதான் நிற்கிறது. வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டுவது, கிணற்றடி, கடலில் குளிப்பது, தனியாக அடுப்படி வேலை எல்லாம் வேண்டாம்.

ஆபரேஷனும் அப்புறமும்

தலைமுடியில் ஒரு பகுதி போகலாம், முழுதும் போகலாம். அம்மா முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, "திருவந்திபுரத்துக்கு வேண்டிக்கிட்டது பாக்கி இருந்துச்சு" என்று மனதைத் தயார் செய்துகொண்டார். ஐ.சி.யூ.வில் முதல் பார்வைக்கு வீட்டிலிருப்பவர்கள் தயாராக இருக்க வேண்டும். அம்மாவின் வலது கண் மூடிப்போகும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. அண்ணன் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றிப் பக்கம் திறந்தால் இப்படி வீங்குவது சகஜம், சில நாளில் வற்றும். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கிரேடு அதில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், கழுத்து விறைப்பு, தையலில் சிவப்பு அல்லது சீழ், காயத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, ஒரு காலில் மட்டும் வீக்கம் இதெல்லாம் உடனே காட்ட வேண்டியவை.

யாரும் சொல்லாதது களைப்பு. தையல் ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வீடே எதிர்பார்க்கும். அம்மாவுக்கு ஐந்தாறு மாதம் மத்தியானம் படுக்காமல் முடியவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று நின்றுகொண்டிருப்பார். மறதி, அழுகை, ஆள் கூட்டம் பிடிக்காமல் போவது எல்லாம் இருந்தது. இது சோம்பல் கிடையாது, மூளை ஆறிக்கொண்டிருக்கிறது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். ஒரு நாள் காய் நறுக்குவது மட்டும், ஒரு நாள் கோலம் மட்டும். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பார்த்துக்கொள்பவரும் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்கிறேன்.

அடுத்த ஸ்கேன்

முழுதாக எடுத்துவிட்டார்கள் என்றாலும் ஃபாலோ அப் ஸ்கேன் உண்டு. சில கட்டிகள் பல வருடம் கழித்துத் திரும்பி வரும் என்பதால்தான் அது. எல்லா வருடத்துப் படத்தையும் கொண்டுபோங்கள். டாக்டர் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடாமல் முதல் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும், அந்த வாரத்தில் கல்யாண வேலை, கடன் பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் 'ஸ்டேபிள்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டியோ மிச்சமோ மாறாமல் இருக்கிறது என்று பொருள். மிச்சமே இல்லை என்றால் 'நோ ரெசிடுவல்' என்று எழுதுவார்கள். அம்மாவுக்கு மூன்று தடவை அப்படி வந்திருக்கிறது. அடுத்த தேதியை தினசரி காலண்டரின் அட்டையில் பேனாவால் எழுதி, பக்கத்திலேயே மஞ்சள் கயிறு ஒன்றையும் அம்மா ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.